அடிவயிற்றில் ஒரு கவசம்

உங்களை யாராவது முதன்முதலாக ‘அங்கிள்’ என்று கூப்பிட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அன்றைக்குத்தான் நான் கார் வாங்கினேன்.

செகண்ட் ஹாண்ட் கார்தான். விற்ற பையனுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும். காதில் கடுக்கன், முட்டியில் கிழிந்த ஜீன்ஸ். “வாங்க அங்கிள், வண்டியைப் பாருங்க” என்றான். எனக்கு முப்பத்தாறுதான் ஆகிறது. நெற்றி கொஞ்சம் பின்னோக்கிப் போயிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அங்கிளா?

வண்டியைப் பார்த்தேன். வெள்ளை செடான். எலியைக் கண்ட பூனை மாதிரி தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது.

“என்ன தம்பி, இவ்வளவு கீழே இருக்கு? டயர்ல காத்து இல்லையா?”

சிரித்தான். “லோயர் பண்ணியிருக்கு அங்கிள். அதான் ஸ்டைல். உங்க ஏஜ் குரூப்புக்கு சரிப்படாது. வேணும்னா உசரமா ஒரு வண்டி இருக்கு, காட்டவா?”

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் என் குடும்பத்துக்குச் சுமார் முப்பதாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆபீஸில் அமோக வரவேற்பு. பக்கத்து சீட் நண்பர் வண்டியை மூன்று முறை பிரதட்சணம் செய்துவிட்டு, “சார், செம லுக்!” என்றார். அவர் பஸ்ஸில் வருகிறவர். அப்புறம்தான் அது உறைத்தது.

வீட்டில் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்து ரிடையர் ஆனவர். வயது எழுபத்து நாலு. எதையும் அளந்து பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லமாட்டார். ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முட்டிவலி காரணமாகக் குனிய முடியவில்லை. டேப்பைப் பேத்தியிடம் கொடுத்தார்.

“தரைக்கும் வண்டிக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு பாரு கண்ணு.”

என் மகள் தரையில் படுத்துப் பார்த்தாள். “பதினொண்ணரை தாத்தா.”

“இஞ்ச்சா?”

“சென்டிமீட்டர் தாத்தா.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கம்பெனி புத்தகத்தில் அந்த மாடலுக்கு 16.5 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது. “அஞ்சு சென்டிமீட்டர் எங்கடா போச்சு?” என்றார்.

“அதான் ஸ்டைல்ப்பா.”

“நாங்க போடற ஸ்பீடு பிரேக்கரே பத்து சென்டிமீட்டர்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

வண்டியை ஏன் தாழ்த்துகிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. வண்டியின் எடை தரைக்கு நெருக்கமாக இருந்தால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது அதிகம் சாயாது. ரேஸ் கார்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ரேஸ் டிராக் இருக்கிறதே, அங்கே அது அவசியம். அங்கே ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, குழி கிடையாது, தண்ணி லாரி கிடையாது, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு யாரும் ஓட்டுவதும் கிடையாது.

எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு அறுநூறு மீட்டர். அதற்குள் ஏழு ஸ்பீடு பிரேக்கர். முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றின் குரலும் எனக்கு அத்துப்படி. பிள்ளையார் கோயில் முன்னால் இருப்பது ‘தர்ர்ர்’. ரேஷன் கடை ‘கடக்’. ஸ்கூல் வாசலில் இருப்பது ‘க்ரீ...ச்’ என்று இழுத்து, நெஞ்சுக்குள் ஏதோ கழன்ற மாதிரி முடியும். காருக்குக் கீழே இரும்பு உரசுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? பல் டாக்டர் மெஷினை ஆன் பண்ணும்போது வருமே, அதே உணர்ச்சி. ஆனால் பல் நம்முடையது ஒன்றுதான். இங்கே மாதத் தவணை அறுபது.

என் மனைவி நாலாம் நாளே, “என்னங்க, நான் ஸ்கூட்டர்லயே வந்துடறேனே” என்று விலகிவிட்டாள். அப்பா வேறு வழி கண்டுபிடித்தார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் கதவைத் திறந்து இறங்குவார். நான் ஆமை வேகத்தில் ஏற்றி இறக்குவேன். அவர் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வார்.

“எதுக்குப்பா இறங்கறீங்க?”

“என் எடை எழுபத்தி ரெண்டு கிலோ. நான் இறங்கினா வண்டி ஒரு சென்டிமீட்டராவது எழும்பும். டாக்டரும் நடக்கத்தானே சொல்லியிருக்கார்.”

எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. விட்டுவிட்டேன். அதைத்தான் இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

*

அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. அப்பாவுடைய அக்கா. எண்பது வயது. செஞ்சியிலிருந்து உள்ளே போகிற கிராமத்தில் இருக்கிறாள். “தம்பியைப் பார்க்கணும்” என்றாளாம். சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் மகளும் கிளம்பினோம். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. ‘பார்த்தீங்களாப்பா’ என்று ஒரு பார்வை பார்த்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

செஞ்சி தாண்டிக் கிளைச் சாலையில் திரும்பினோம். மணி ஆறரை. ஒரு புளியமரத்துக்குக் கீழே, பெயின்ட் இல்லாமல், பலகை இல்லாமல், அன்றைக்குத்தான் போட்ட மாதிரி ஒரு மேடு. நான் பார்ப்பதற்குள் முன் சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. அடுத்து ‘டமார்’.

நிறுத்தி என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். வண்டி ஓடுகிறதே! கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார்: “அது என்னடா, அலாவுதீன் விளக்கு மாதிரி ஒண்ணு சிவப்பா எரியுது?”

“அது... அப்பப்ப எரியும்ப்பா. இன்னும் எட்டு கிலோமீட்டர்தான், போயிடலாம்.”

“சிவப்பு எரிஞ்சா நிறுத்தணும். சிக்னல்ல நிக்கிற உனக்குத் தெரியாதா? ஆஃப் பண்ணுடா.”

ஆஃப் பண்ணினேன். இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்பாக ஒரு கோடு.

அந்த விளக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது கார் வைத்திருக்கிற எல்லோருக்கும். இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்குகிற தொட்டி ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் ‘ஆயில் சேம்பர்’ என்பார்கள். பல வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அது உடைந்து ஆயில் ஒழுகிவிட்டால், இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் காய்ந்த நிலையில் உரசும். சில நிமிஷத்தில் இன்ஜின் இறுகிப்போகும். ஆயில் அழுத்தம் போய்விட்டது என்பதைச் சொல்வதுதான் அந்தச் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரை’ என்ற பேச்சே கிடையாது. அந்த இடத்திலேயே ஆஃப். சில வண்டிகளில் சேம்பர் உடையாது, உள்பக்கம் நசுங்கும். அதுவும் ஆபத்துதான். ஆயிலை உறிஞ்சுகிற வாய் அந்தத் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது. நசுங்கிய தகடு அதை அடைத்துவிட்டால், ஆயில் இருந்தும் இன்ஜினுக்குப் போகாது. இன்னொன்று. சேம்பர் அடிபட்டதற்கு இன்ஷூரன்ஸில் பணம் கிடைக்கலாம். அடிபட்ட பிறகும் ஓட்டிக் கெடுத்த இன்ஜினுக்கு, ‘அது நீங்களே செய்துகொண்டது சார்’ என்று கையை விரித்துவிடுவார்கள்.

எட்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என் இன்ஜின் அங்கேயே சமாதி. காப்பாற்றியது, கார் ஓட்டவே தெரியாத என் அப்பா.

*

போன் பண்ணி ஒரு குட்டியானை வரவழைத்தோம். அது வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா மகளிடம் டேப்பைக் கொடுத்து அனுப்பினார். (ஆமாம், டேப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.) மேட்டின் உயரம் 13 சென்டிமீட்டர், அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்று அளந்து வந்தாள்.

அப்பா டீ கிளாஸை வைத்துவிட்டுப் பாடம் ஆரம்பித்தார்.

“இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒண்ணு இருக்கு. ஸ்பீடு பிரேக்கர் எப்படிப் போடணும்னு 1988-லயே அளவு சொல்லியிருக்காங்க. உயரம் பத்து சென்டிமீட்டர். அகலம் எவ்வளவு தெரியுமா? 3.7 மீட்டர். வளைவு, 17 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தோட ஒரு துண்டு. இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போனா தொட்டில் மாதிரி தூக்கி இறக்கும்.”

“உயரம் பத்து, இது பதிமூணு. மூணு சென்டிமீட்டர்தானேப்பா வித்தியாசம்?”

“உயரத்தை மட்டும் பார்க்காதே, அகலத்தைப் பாரு. உன் வண்டியோட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு?”

“2.4 மீட்டர்.”

“மேடு 3.7 மீட்டர் அகலம். அப்ப உன் நாலு சக்கரமும் ஒரே நேரத்துல மேட்டு மேலயே நிக்கும். வண்டியே மேல ஏறிடும். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல மேடு எவ்வளவு புடைச்சு நிக்கும்னு கணக்குப் போடு. 2.4-ஐ 2.4-ஆல பெருக்கு. அதை எட்டு பதினேழு, நூத்தி முப்பத்தாறால வகு.”

செல்போனில் போட்டேன். 0.042 வந்தது. அதாவது 4.2 சென்டிமீட்டர்.

“அவ்வளவுதான். பத்து சென்டிமீட்டர் மேட்டுல உன் வயித்துக்கு நேரா வர்றது நாலு சென்டிமீட்டர்தான். சரியா போட்ட ஸ்பீடு பிரேக்கர்ல உன் தவக்களை வண்டிகூட இடிக்காம போகும். ஆனா இது ஒரு மீட்டர் அகலம். முன் சக்கரம் இந்தப் பக்கம் இறங்கிடுச்சு, பின் சக்கரம் இன்னும் அந்தப் பக்கம். நடுவுல பதிமூணு சென்டிமீட்டரும் முழுசா நிக்குது. ஆள் ஏறினா உன் வண்டி பத்துக்கு இறங்கிடும். பதிமூணு எப்படிடா பத்துக்குள்ள போகும்?”

“அப்ப தப்பு மேட்டுது!”

“மேடும் தப்பு, நீயும் தப்பு. வெட்டாத வண்டின்னா ஆளேறியும் பதினாலு, பதினாலரை இருந்திருக்கும். போயிருக்கும்.”

நாற்பது வருஷம் ரோடு போட்ட மனிதர். நான் எஞ்சினியரிங் படித்தவன். கணக்குப் போட்டது அவர், செல்போனில் தட்டியது நான்.

அத்தை வீட்டு வாசலில் குட்டியானை போய் நின்றபோது மணி ஒன்பது. முன்சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். திண்ணையில் படுத்திருந்த அத்தை கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “உன் மகன் புதுக் கார் வாங்கியிருக்கான்னாங்க. நல்ல உசரமாத்தான் வாங்கியிருக்கான்” என்றாள்.

*

செஞ்சியில் புது சேம்பர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். அலுமினிய சேம்பர் விரிசல் விட்டால் ஆர்கான் வெல்டிங் வைக்கலாம். ஆனால் விரிசல் பெரிது, மாற்றிவிடுவதே நல்லது என்றார்கள். எம்-சீல் தடவிவிடலாமா என்று நான் கேட்டதும் அங்கே சிரிப்பலை எழுந்ததை இங்கே விவரிக்கவில்லை.

சென்னை வந்ததும் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தோம். அப்பப்பா! ஜல்லிக்கட்டுக்குப் போய்வந்த வீரன் முதுகு மாதிரி இருந்தது.

“சேம்பருக்குக் கவசம் போட்டுடுங்கண்ணே” என்றேன்.

அவர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன், தேவைப்படுகிறவர்களுக்கு உதவும். கவசத் தகடு இரும்பில் வருகிறது, அலுமினியத்தில் வருகிறது, கெட்டியான பிளாஸ்டிக்கிலும் வருகிறது. அறுபதுக்கு எழுபது சென்டிமீட்டர் தகடு என்றால், 3 மில்லிமீட்டர் இரும்பு சுமார் பத்து கிலோ. 5 மில்லிமீட்டர் அலுமினியம் ஆறு கிலோவுக்குள். கல்லில் நேராக மோதினால் இரும்பு தாங்கும். பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போகும், பலத்த அடி தாங்காது. தகட்டைச் சேம்பரிலேயே முடுக்கக் கூடாது; சப்-ஃபிரேமில்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் தகட்டில் பட்ட அடி நேராகச் சேம்பருக்கே போகும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். முன்விளிம்பு மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் மேட்டில் கொக்கி போடாமல் வழுக்கும். போல்ட் தலைகள் வெளியே துருத்தக் கூடாது. ஆயில் மாற்ற ஒரு துளை, சூடு போக நாலு துளை வேண்டும். அப்புறம், தகடு போட்டுவிட்டால் கசிவு கண்ணில் படாது. மாதம் ஒரு தரம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். அடியில் கறுப்பாக அடிக்கிறார்களே அண்டர்பாடி கோட்டிங், அது துருவுக்கு. மோதலுக்கு அல்ல.

ஓட்டுகிற முறையிலும் இரண்டு சொன்னார். “பிரேக்கை மேட்டுக்கு முன்னாடியே பிடிச்சுட்டு, ஏறும்போது விட்டுடுங்க சார். பிரேக்கோட ஏறினா மூக்கு இன்னும் தாழும். குட்டை மேடா இருந்தா கோணலா ஏத்துங்க, ஒவ்வொரு சக்கரமா ஏறும், வயிறு தட்டாது.” கோணலாக ஏற்றினேன். பின்னால் வந்த தண்ணி லாரிக்காரர் என் வம்சத்தைப் பற்றிச் சில தகவல்கள் சொன்னார். அதைக் குறித்து வைக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் கடைசியாக ஒன்று சொன்னார். “சார், ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டியிருக்காங்க. லோயரிங்னு தனியா ஸ்பிரிங் வாங்கிப் போடலை. கட்டரை வெச்சு அறுத்துட்டாங்க. வெட்டின ஸ்பிரிங் விறைப்பாயிடும். பெரிய பள்ளத்துல சக்கரம் தொங்கினா ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகரலாம். தகட்டுக்குக் கொடுக்கற காசுல பாதி சேர்த்தா...”

“தகடு போதும்ண்ணே” என்றேன். 4,500 ரூபாய். ஸ்டைல் முக்கியம் அல்லவா?

*

தகடு போட்ட மறுநாள் பிள்ளையார் கோயில் ஸ்பீடு பிரேக்கரில் பெருமிதத்தோடு ஏறினேன். ‘தர்ர்ர்’ என்பதற்குப் பதில் ‘டங்’ என்றது. ரேஷன் கடை ‘டங்’. ஸ்கூல் ‘டங் டங்’. முன்பு இடிக்காத இடத்திலும் இடித்தது!

அப்பா மறுபடி பேத்தியைப் படுக்கவைத்து அளந்தார். பத்து சென்டிமீட்டர். தகடும் அதைத் தாங்குகிற பட்டையும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டரைச் சாப்பிட்டுவிட்டன. காப்பாற்ற வந்த கவசம் தன் பங்குக்கு வண்டியை இன்னும் தாழ்த்திவிட்டது.

“தகடு இடிக்காம இருக்க வழி பண்ணாதுடா” என்றார் அப்பா. “எது இடிபடணும்னு முடிவு பண்ணும், அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் வழக்கம்போல இறங்கினார்.

மாதக் கடைசியில் மறுபடி அத்தையைப் பார்க்கப் போனோம். உடம்பு தேறியிருந்தாள். அதே புளியமரம், அதே மேடு. இந்தத் தடவை ‘டமார்’ இல்லை, கணீரென்று ஒரு மணிச் சத்தம். நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை! ரோட்டில் நின்று கையைத் தட்டினேன். “பார்த்தீங்களாப்பா!” என்று திரும்பினால், மேட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா மைல்கல்லில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். “வரேன், வரேன்” என்றார். வந்து ஏற இரண்டு நிமிஷம் ஆயிற்று. நான் தகட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வீட்டில் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கோடு கோடாகப் போட்டு, அஞ்சு அஞ்சாகக் கட்டியிருந்தாள்.

“பாட்டி, இன்னிக்கு வீட்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள தாத்தா கார்லேர்ந்து எத்தனை தடவை இறங்கி ஏறினார் தெரியுமா? முப்பத்தொண்ணு!”

அவளுக்கு அது விளையாட்டு. அத்தைக்கு இல்லை. அப்பாவின் வேட்டியை முட்டிக்கு மேல் ஒதுக்கிப் பார்த்தாள். முட்டி இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. நானும் அப்போதுதான் பார்த்தேன்.

“ஏண்டா தம்பி, இதோடவா இறங்கி ஏறினே?”

“வண்டி பாவம்க்கா. தவணை கட்டறான்” என்றார் அப்பா.

அத்தை என்னிடம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

“வண்டி வயித்துக்கு இரும்புல கவசம் போட்டியாமே. இவன் முட்டிக்கு என்னத்தைப் போட்டே?”

நான் பதில் சொல்லவில்லை. கார் தரையில் உரசும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும் என்று சொன்னேன் அல்லவா? முப்பத்தொரு தடவை பக்கத்திலேயே ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி ஏறியிருக்கிறார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

*

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். “கம்பெனி ஸ்பிரிங்கே போட்டுடுங்கண்ணே. நாலும்.”

ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப்பர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம். வெட்டிய ஸ்பிரிங்கால் தேய்ந்துபோன முன் டயர் இரண்டு தனி. கூட்டிப் பாருங்கள், முதலில் சொன்ன கணக்கு வந்துவிடும். சாதா ரோட்டுக்கு எதற்கு என்று தகட்டைக் கழற்றச் சொன்னேன். “இருக்கட்டும் சார், இப்ப உயரம் இருக்கு, கிராமத்துப் பக்கம் போறீங்க, கல்லு பறந்து அடிக்கும்” என்றார். வைத்துக்கொண்டேன். உயரமும் இருந்து தகடும் இருந்தால்தான் தகட்டுக்கு மரியாதை.

ஆபீஸில் நண்பர் ஒரு புதுத் தகவல் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதாம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருக்கிறதாம். “இதை ஏன் சார் முதல்ல சொல்லலை?” என்று கேட்டேன். “செம லுக்கா இருந்ததே சார்” என்றார்.

வண்டியைத் தாழ்த்தியே தீருவேன் என்கிற இளைஞர்களுக்கு நான் உபதேசம் பண்ணப்போவதில்லை. பண்ணினாலும் என்னை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று தெரியும். ஒன்று மட்டும் செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கர்களை அளந்து பாருங்கள். உயரம் மட்டும் போதாது, அகலத்தையும். அப்புறம், அந்த வண்டியில் உங்களோடு யார் யார் ஏறப்போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

இப்போது வண்டி மற்ற வண்டிகள் மாதிரியே நிமிர்ந்து நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வாரம் அப்பாவை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பிள்ளையார் கோயில் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். அப்பாவின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

“உட்காருங்கப்பா. இடிக்காது.”

கையை எடுக்கவில்லை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. அப்பா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பின் சீட்டில் என் மகள் நோட்டைத் திறந்து, கோடு போட ஒன்றுமில்லாமல், மூடிவைத்தாள்.